விளக்குகளை முதலில் சுடுகிறவர்

தம்பி பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அது அவர்கள் தொழிலின் சட்டமாம். புதிதாக ஒருவர் விளையாட உட்காரும்போது, அந்த விளையாட்டைச் செய்தவர் பின்னால் நின்று பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தக் கதவு திறக்கும், எங்கே நின்றால் செத்துப்போவோம், எதையும் சொல்லக் கூடாது. ஆடுகிறவர் தடுமாறினால் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கு வாய் நிக்காதுன்னு உனக்கே தெரியும். அதான் பென்சில்," என்றான், அதைக் கடிப்பதற்கு முன்னால்.

"என்னை எதுக்குடா இழுத்து உட்கார வைக்கிற? எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா வராது."

"அதுக்குத்தாங்க்கா! துப்பாக்கி விளையாட்டே ஆடாதவங்களா, ஆளுக்கு ஒருத்தரைப் புடிச்சிட்டு வரணும். பார்த்ததும் என்ன தோணுதுன்னு அவங்க சொல்லணும். எனக்கு உன்னை விட்டா யாரு சிக்குவா?"

"பயமா இருந்தா?"

"பயப்படு. அதையும் எழுதிக்கறேன். சாகறது இலவசம்தான், எத்தனை தடவை வேணா சாகலாம்."

அவன் வேலை பார்க்கும் கம்பெனி வேறு ஊரில் இருக்கிறது. அவன் எங்கள் வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்தபடியே அவர்களுக்குக் கட்டடங்கள் செய்து அனுப்புகிறான். விளையாட்டில் ஆட்கள் ஓடி ஒளிகிற படிக்கட்டுகள், கிடங்குகள், மொட்டை மாடிகள். பகலெல்லாம் வீடு கட்டுகிறவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது என்று நான் கிண்டல் செய்வேன்.

துப்பாக்கி விளையாட்டு ஆடியதில்லை என்று அவனிடம் சொன்னது உண்மை. ஆனால் அவற்றை ஆடுகிறவரின் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான ஆறு வருஷமும் என் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் தேநீரோடு நின்றிருக்கிறேன். ஆட்டத்தின் நடுவில் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அவராகத் திரும்புகிறவரை நிற்க வேண்டும். அப்போது என் பல்லில் பென்சில் இல்லை, வித்தியாசம் அதுதான்.

நானும் என் மகளும் அந்த வீட்டை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த மூன்றாம் மாடி வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தம்பியோடுதான் இருப்போம் என்று ஊகித்திருப்பார். தம்பியின் கம்பெனிப் பெயரும் தெரியும். அங்கே போன் போட்டு, நயமாகப் பேசி, முகவரி கேட்டிருக்கிறார். அவர்கள் கொடுக்கவில்லை. கிடைத்தால் என்ன செய்வார் என்பதைக் கடைசியாகப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார், அதுவும் நயமாகவே. நான் பேருந்தில் ஏறும்போது இன்னும் பின் இருக்கையில்தான் உட்காருகிறேன். என் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

தம்பி ஹெட்செட்டை என் தலையில் மாட்டினான். உதட்டருகே ஒரு சின்ன மைக் வளைந்து நின்றது.

"இது எப்பவும் திறந்தேதான் இருக்கும். ஆட்டத்துல உன் பக்கத்துல யாராவது வந்தா நீ பேசறது அவங்களுக்குக் கேட்கும், அவங்க பேசறது உனக்குக் கேட்கும். தள்ளி இருந்தா கேட்காது. நிஜத்துல மாதிரியே."

"நிறுத்தறதுக்கு?"

"அந்தப் பொத்தான் இன்னும் செய்யலைக்கா. முதல் சோதனைதானே. நிறுத்தணும்னா இந்த வயரைப் புடுங்கணும். புடுங்கினா உனக்கும் ஒண்ணும் கேட்காது." பெருமையாக ஒன்று சேர்த்துக்கொண்டான். "ஆனா ஒவ்வொரு பல்பும் உடையும். சுட்டா நிஜமாவே இருட்டாயிடும். அது நான் சண்டை போட்டு வாங்கினது."

அதன்பின் பென்சில் வாய்க்குள் போனது.

திரை வெளுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு அறை. இன்னும் வண்ணம் பூசாத சுவர்கள், வெறும் பெட்டிகள் போன்ற நாற்காலிகள். கீழே வலது மூலையிலிருந்து ஒரு துப்பாக்கி, அழைக்காமல் வந்த விருந்தாளி போல எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்திருந்த கைகள் என்னுடையவை என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் சுட்டியை அசைத்தால் அறை முழுவதும் சுழன்றது. 

ஆட்டம் எளிது. ஐந்து பேர் கீழே தெருவிலிருந்து கட்டடத்துக்குள் ஏறி வருவார்கள். நாங்கள் ஐந்து பேர் மேலே இருந்து அவர்களைத் தடுக்க வேண்டும். அவர்கள் செத்தால் மறுபடி வாசலில் பிறப்பார்கள். நாங்கள் செத்தால் மொட்டை மாடியில்.

முதலில் என்னைப் பயமுறுத்தியது துப்பாக்கியல்ல, காலடிச் சத்தம். யாரோ என் பின்னாலேயே நடந்து வந்தார்கள். நின்றேன், நின்றார்கள். நடந்தேன், நடந்தார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலை சுற்றிய பிறகுதான் அது என் காலடி என்று புரிந்தது. பின்னாலிருந்து பென்சில் வழியாக ஒரு சிரிப்பு கசிந்தது.

"சிரிச்சா எழுந்து போயிடுவேன்."

அறையை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்பினேன். சமையலறை. இடது பக்கம் சமையலறை இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? வாசற்படியில் கால் தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. மேசைக்கு அடியிலிருந்த என் நிஜமான கால். நீண்ட நடைவழிக்கு வந்தேன். அங்கே ஒரு சுவர் மட்டும் சாம்பலாக இல்லை. அது ஒரு நிஜச் சுவரின் படம். மஞ்சளாய்ப் பழுத்த சுண்ணாம்பு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பென்சில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் கோணல் எழுத்தில் 'வாலு'.

என் மகளை நாங்கள் கூப்பிடும் பெயர் அது. அந்தக் கோடுகள் அவளுடைய உயரம். இப்போது அவளுடைய ஆசை, அந்தச் சுவரின் கோடியில் இருக்கும் விளக்கு சுவிட்சைக் குதிக்காமல் தொடுவது.

"டேய். இது நம்ம வீடுடா."

 தம்பி நாற்காலி முதுகில் விரல்களால் தாளம் போட்டான். ஆச்சரியப்படுத்திவிட்டானாம்.

கூடத்தைத் தாண்டினேன். ஜன்னல்களெல்லாம் வெறும் சாம்பல் பலகைகள். பால்கனிக் கதவு மட்டும் திறந்தது. திறந்ததும் கண் கூசியது. வெளியே வெயில், எங்கள் தெரு. எதிரே சலவைக் கடை, அதன் பலகையில் கடைப் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர், தொலைபேசி எண் எல்லாம் கொட்டை எழுத்தில். பக்கத்தில் பேருந்து நிறுத்தம். தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிற காட்சி. அதைத் திரைக்குள் பார்த்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏன் என்று யோசிப்பதற்குள் கீழேயிருந்து யாரோ என்னைச் சுட்டுவிட்டார்கள்.

திரை சிவந்து இருண்டது. நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். வலிக்கவில்லை என்பது நம்ப முடியாததாக இருந்தது.

முதல் சுற்று முடிந்ததும் தம்பி பென்சிலை எடுத்தான். "எப்படி? எப்படி? கண்டுபுடிச்சிட்ட பாரு!"

"எதுக்குடா நம்ம வீட்ட வெச்ச?"

"அவசரமா ஒரு கட்டடம் கேட்டாங்கக்கா. எந்திரிச்சு நாடாவை எடுத்து நம்ம வீட்டையே அளந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அவங்கவங்க வீட்டுலேர்ந்து ஏதாவது ஒண்ணை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. ஒருத்தன் அவன் நாயை வெச்சிருக்கான். ஒருத்தி அவ மாமியாரோட மூக்குக்கண்ணாடிய வெச்சிருக்கா. நான் வாலுவோட சுவரை வெச்சேன். அவ பார்த்தா குதிப்பா."

"பால்கனில அந்தப் படம்?"

"அது சும்மா தற்காலிகம். வெளியில ஏதாவது தெரியணுமேன்னு போன்ல எடுத்து ஒட்டினேன். பால்கனிலேர்ந்து பார்த்தா மட்டுந்தான் தெரியும். நாளைக்கு மாத்திடுவேன்."

"யாரெல்லாம் பார்ப்பாங்க?"

அப்போதுதான் நான் என்ன கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்தது. முகம் கொஞ்சம் மாறியது. "இன்னிக்கு நம்ம ஆளுங்க மட்டுந்தாங்க்கா. கம்பெனி ஆளுங்க, அவங்க வீட்டு ஆளுங்க. வெளியாளுங்க அடுத்த வாரம்தான். அதுக்குள்ள எல்லாம் போயிடும். சத்தியமா."

நான் தலையாட்டினேன். இன்னொரு சுற்று ஆடினால் போதும் என்றான். பாதியில் எழுந்தால் அவனுக்குத்தான் கெட்ட பெயர்.

இரண்டாவது சுற்றில் நான் சமையலறையிலேயே ஒளிந்துகொண்டேன். கதவிடுக்கில் நடைவழியும் கோடுகள் போட்ட சுவரும் தெரிந்தன. கீழே எங்கோ தடதடவென்று சண்டை நடந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ கத்தினார்கள். பிறகு அது அடங்கியது.

அடங்கிய பிறகு ஒரே ஒரு குண்டுச் சத்தம். கண்ணாடி உடைந்து சிதறியது. யாரும் விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மறுபடி கண்ணாடி.

மூன்றாவது சத்தம் இன்னும் மேலே. வாசல் கதவடியில் தெரிந்த படிக்கட்டு வெளிச்சம் ஒரு படி மங்கியது.

அவசரமே இல்லாத சத்தம். ஆட்களைச் சுட வந்தவர்கள் இப்படிச் சுடமாட்டார்கள். அவர்களுக்கு உயிர் முக்கியம், ஓடுவார்கள், உருளுவார்கள். இவர் நின்று, நிதானமாகக் குறி வைத்து, ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார்.  தேநீர்க் கோப்பை கையில் ஆறிக்கொண்டிருக்க, அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று எத்தனை ஆட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். முதலில் விளக்குகள், கடைசி விளக்கு போனதும் ஒரு சின்னக் காத்திருப்பு, அதன்பிறகுதான் உள்ளே. நண்பர்கள் கேட்டால் சொல்வார்: "இருட்டாக்கிட்டா அவங்களே பயந்து வெளிய வருவாங்க."

வீட்டிலும் அப்படித்தான். கோபம் வந்த நாட்களில் அவர் கத்தமாட்டார். கூடத்து சுவிட்ச், நடைவழி சுவிட்ச், சமையலறை சுவிட்ச். ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு இடைவெளி. நானும் வாலுவும் உள்ளறையில் எண்ணிக்கொண்டிருப்போம்.

"அவர் வந்திருக்கார்," என்றேன்.

பின்னால் பென்சில் தரையில் விழுந்தது. "யாரு?"

"அவர்டா. கீழே. விளக்கை உடைச்சிட்டு வரார்."

"அக்கா, விளக்கை யாரு வேணா உடைக்கலாம். உடையும்னு நான்தானே..."

"தம்பி. கேளு."

இன்னொரு விளக்கு. அந்த இடைவெளி. இன்னொரு விளக்கு.

அவன் போனை எடுத்துக் கம்பெனிக் குழுவின் செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனான். போன வேகத்தில் நின்றான். சோதனையை நடத்துகிற பெண் எழுதியிருந்தாள்: ரெண்டு பேருக்கு இணையம் போயிடுச்சு, ஆள் குறையுது, காத்திருப்பு வரிசையிலேர்ந்து வெளியாளுங்க ரெண்டு பேரை உள்ள விட்டிருக்கேன். கீழே யாரோ கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

"பேரு போட்டு விண்ணப்பிச்சவங்க எல்லாரும் வரிசையில இருப்பாங்க," என்றான். போனைக் கீழே இறக்கினான். "அந்த ஆளுக்கு நம்ம கம்பெனி தெரியும். அக்கா... படம்."

"ஆட்டத்தை நிறுத்தச் சொல்லு."

"நீ எழுந்துடு. நான் போன் பண்றேன்."

"நான் எழுந்தா அவரை யாரு தடுப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். நானே என்னைக் கேட்டதுபோலத்தான் இருந்தது. பிறகு அவன் போனோடு நிஜ பால்கனிக்கு ஓடினான். மைக் திறந்திருக்கிறது, இந்த அறையில் அவன் பேசக் கூடாது. கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் குரல் மழுங்கிப்போய், "எடும்மா, எடு, எடு" என்றது.

வீட்டு வாசல் விளக்கு உடைந்தது.

நடைவழி விளக்கு உடைந்தது.

அந்தச் சின்னக் காத்திருப்பு.

இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் எரிந்தது, துப்பாக்கி நுனியில். வட்டமான வெளிச்சம் தரையில் ஊர்ந்து, கதவில் ஏறி, சுவரில் நடந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். திரைக்குள் இருந்த ஆளுக்கு மூச்சே கிடையாது, எனக்குத்தான் இருந்தது. அதுவும் மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

வட்டம் பென்சில் கோடுகளின்மேல் வந்து நின்றது. அங்கேயே நின்றது. சுடுகிற விளையாட்டில் ஒருவர் சுவரைப் படித்துக்கொண்டு நிற்பதை அன்று அந்தக் கட்டடத்தில் வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். வெளிச்சம் மெதுவாக மேலே ஏறியது, கோடு கோடாக, ஒரு குழந்தை வளர்வதைப் பார்ப்பதுபோல.

என் இரண்டு காதுகளுக்குள்ளும் அந்தக் குரல் சொன்னது: "வாலு."

கேள்வியாக இல்லை. தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவரின் குரல்.

பிறகு, "உள்ள யாரு இருக்கா?" என்றார். நயமாக. "தம்பியா? மச்சான், நீயாடா?"

நான் மைக்கை உள்ளங்கையால் பொத்தினேன். பொத்தினால் உரசல் கேட்குமோ என்று எடுத்தேன். எனக்குள் ஒரு பழைய பழக்கம் எழுந்து பதில் சொல்லப் பார்த்தது. கூப்பிட்டால் வரவேண்டும், வராவிட்டால் இன்னும் மோசம் என்ற பழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் சுவரை விட்டு விலகியது. கூடத்தின் பக்கம் திரும்பியது. கூடத்துக்கு அப்பால் பால்கனிக் கதவு. அதற்கு அப்பால் கொட்டை எழுத்தில் எங்கள் தெரு.

இது யாருடைய வீடு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் பாக்கி.

அவர் முதுகு எனக்கு நேராக வந்தது. அந்த முதுகை எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. நான் வெளியே வந்து பொத்தானை அழுத்தினேன். முதல் குண்டுகள் கூரைக்குப் போயின. துப்பாக்கி துள்ளும் என்று தம்பி சொல்லவில்லை, சொல்லக் கூடாது அல்லவா. வெளிச்சம் என் பக்கம் சுழன்றது, கண் முழுவதும் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். திறந்தபோது டார்ச் தரையில் கிடந்தது.

சந்தோஷம் வரவில்லை. கொஞ்சம்கூட. கல்லெறிந்து குளவிக் கூட்டைக் கலைத்தவளின் பயம்தான் வந்தது. இப்போது அவருக்குக் கோபம் வரும்.

அவர் கீழே வாசலில் பிறந்திருப்பார். இனி உடைக்க விளக்கும் இல்லை, நேரே ஏறி வருவார். தட்டுத்தடுமாறிக் கூடத்துக்கு ஓடினேன். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. அதில் முதுகை வைத்து, துப்பாக்கியை இருட்டின் பக்கம் திருப்பி நின்றேன். பழைய வீட்டில் வாலு தூங்கும் அறைக் கதவில் இப்படித்தான் நிற்பேன். அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

காலடிகள். முதல் மாடி. இப்போது ஓட்டம். இரண்டாவது மாடி.

"நீதானா?" என்றது குரல், மூச்சு வாங்கியபடி. இன்னும் தூரத்திலிருந்து, பாதி பாதியாக. "நீதானே? இதெல்லாம் ஆட ஆரம்பிச்சிட்டியா?" சிரிப்பு. "பேசு. சும்மா பேசு."

அந்த நேரத்தில் நிஜத் தெருவில் பள்ளி வேனின் ஹார்ன் அடித்தது.

வாலு வந்துவிட்டாள். வேனிலிருந்து குதித்ததும் தினமும் படிக்கட்டில் முதல் படியிலிருந்தே "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு ஏறுவாள். மூன்று மாடியும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை அதற்குப் புகார்கூடச் சொல்லியிருக்கிறார். அந்தக் குரல் இந்த மைக்குக்குள் போய்விட்டால், அவருக்கு வேறு எந்தப் பலகையும் தேவையில்லை. இங்கேதான், இப்போதுதான், இந்த நிமிஷம் என்று அதுவே சொல்லிவிடும்.

திரைக்குள் அவர் வாசலில் நின்றார். திரைக்கு வெளியே அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

வயரைப் பிடுங்கினேன்.

உலகம் வாயடைத்துப்போனது. காலடி இல்லை, குரல் இல்லை. எதிரே கன்னங்கரிய திரை மட்டும். அவர் இம்முறை டார்ச்சைப் போடவில்லை. ஒருமுறை அடிவாங்க வைத்த தவறை இரண்டாம் முறை செய்கிறவரல்ல. கண்ணும் இல்லை, காதும் இல்லை. அந்த இருட்டுக்குள் எங்கேயோ அவர் என்னை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

இருட்டில் அவர் எப்படி வருவார் என்பதை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். கடைசி சுவிட்சுக்குப் பிறகு அவர் அவசரப்படமாட்டார். நாங்கள் ஒரு மூச்சை முழுதாக இழுத்து, முழுதாக விட்டு, அடுத்ததைப் பாதி இழுக்கும்போது கதவின் பிடி அசையும். ஒருநாளும் அது மாறியதில்லை. பாதி மூச்சோடு நிற்கும்போதுதான் ஆட்கள் மிகவும் பயப்படுவார்கள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

இழுத்தேன். விட்டேன்.

பாதி இழுத்து, அழுத்தினேன்.

துப்பாக்கி வாயின் நெருப்பில் கூடம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கை தூரத்தில் ஒரு முகம். அவர் முகமல்ல. இந்தச் சோதனை ஆட்டத்தில் எல்லோருக்கும் இன்னும் ஒரே முகம்தான் செய்திருந்தார்கள், கண் சரியாகத் திறக்காத, முடிக்காத முகம். என்னுடையதும் அதேதான். அது பின்னால் சரிந்தது. நான் நிறுத்தவில்லை. குண்டு தீர்ந்து பொத்தான் வெறுமனே அழுந்தும்வரை, தீர்ந்த பிறகும், அழுத்திக்கொண்டே இருந்தேன். எதுவும் கேட்காததால் தீர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

திரை வெளுத்தது. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது.'

வாசல் மணி எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்தது என்று தெரியாது. தம்பி பால்கனியிலிருந்து ஓடி வந்து கதவைத் திறந்தான். "காது கேக்காதா மாமா?" என்று வாலு அவனைத் திட்டிவிட்டு, பையை எறிந்துவிட்டு, என்னிடம் வந்தாள். நான் அவளை ஹெட்செட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா வேர்த்திருக்கு. நீ வெளையாண்டியா? நீயா? ஜெயிச்சியா?"

"தெரியலடா கண்ணு."

அவளுக்குச் சாப்பிடக் கொடுத்து, கார்ட்டூன் போட்டு உட்கார வைத்த பிறகுதான் தம்பியோடு சமையலறையில் பேச முடிந்தது. அவன் உட்காரவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கட்டடத்தையே தூக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு அழுதுட்டா. ஆட்டத்துல எந்தக் கதவை யாரு எப்ப திறந்தாங்கன்னு பதிவாகும், அதையும் பார்க்கச் சொன்னேன். பால்கனிக் கதவை இன்னிக்கு முழுக்கத் திறந்தது ஒரே ஆளு. நீதான், முதல் சுற்றுல. அந்த ஆளு ரெண்டாவது சுற்றுலதான் உள்ள வந்திருக்கான். பார்க்கலக்கா. படத்தைப் பார்க்கவே இல்ல."

"சுவரைப் பார்த்தார்."

"சுவர் எங்க இருக்குன்னு தெரியாதே."

"என் கூடத்துல நின்னார்டா."

அவன் வாய் கோணியது. "அக்கா, நான்... அவ சந்தோஷப்படுவான்னுதான்..."

"உங்க வேலையில வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்கீங்க. வீட்டைத் திறந்து வெக்கக் கூடாதுன்னு ஒண்ணு இல்லையா?"

அவன் அழுதான். சின்ன வயதில் அழுததுபோலவே, மூக்கை உறிஞ்சி, புறங்கையால் துடைத்துக்கொண்டு. எனக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அவன் கையில் திணித்தேன்.

"இன்னும் அவர் இவர்னு மரியாதை வேறயாக்கா, அந்த ஆளுக்கு?" என்றான், வாயில் சோற்றோடு.

"பயத்துல வர்ற மரியாதை. சீக்கிரம் போகாது."

கொஞ்ச நேரம் கழித்து, பட்டும் படாமலும் கேட்டான்: "நான் எழுதிக் கொடுக்கணும்க்கா. முதல்ல என்ன தோணுச்சுன்னு. வேணாம்னா விட்டுடறேன்."

நான் யோசித்தேன். "நடக்கும்போது நம்ம காலடியே பின்னால யாரோ வர்ற மாதிரி கேக்குதுன்னு எழுது. அதைச் சரி பண்ணச் சொல்லு. அப்புறம் அந்த மைக்கை நிறுத்தற பொத்தான். நாளைக்கே செய்யச் சொல்லு."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் நிஜ பால்கனிக்குப் போய், கொடியிலிருந்த துணிகளை எடுத்தேன். எதிரே சலவைக் கடைப் பலகையை, இங்கே குடிவந்த நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு வெளியாள் படிப்பதுபோல எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடை, தெரு, ஊர், எண். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொரு ஆளையும் பார்த்தேன். எல்லோருக்கும் வெவ்வேறு முகங்கள் இருந்தன. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டு, தாழை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

வீட்டுக்குள் இருள் சேர்ந்திருந்தது. யாரும் இன்னும் விளக்குப் போடவில்லை. துணிக்குவியலைச் சுமந்துகொண்டு கூடத்தைத் தாண்டினேன். நடைவழியின் மறு கோடியில், சுவர்க் கோடுகளுக்குப் பக்கத்தில், ஏதோ ஒன்று அசைவது தெரிந்தது. நின்றேன். மூச்சை இழுத்தேன். விட்டேன்.

'டிக்' என்று கேட்டது.

வெளிச்சம் வந்தது. வாலு கால்விரல் நுனியில் நின்றிருந்தாள், கை இன்னும் சுவிட்சின்மேல்.

"குதிக்காம!" என்று கத்தினாள். "அம்மா, பார்த்தியா? குதிக்கவே இல்ல!"

"பார்த்தேன்டா," என்றேன். துணிக்குவியலுக்கு அடியில் என் வலதுகை ஆட்காட்டி விரல் இன்னும் அழுந்தியபடியே இருந்தது.